சிஜிபிஏ எவ்வளவு இருந்தால் வேலை கிடைக்கும்?

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் இரண்டு அறிவுரைகளைக் கேட்கிறார். "மார்க்கையெல்லாம் இப்போ யாரும் பார்க்கிறதில்லை, ஸ்கில் இருந்தா போதும்" என்கிறார் சீனியர். "எட்டுக்குக் கீழே போனா கம்பெனி உள்ளேயே விடாது" என்கிறார் துறைப் பேராசிரியர். இருவரும் பொய் சொல்லவில்லை. சீனியர் ஒரு வகை நிறுவனத்தை மனதில் வைத்துப் பேசுகிறார், பேராசிரியர் இன்னொரு வகையை. எந்த வகை என்பதைத்தான் இருவரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கோ எதை நம்பி இந்த செமஸ்டரை நடத்துவது என்று தெரியவில்லை.

சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களின் பத்துப் புள்ளிச் சராசரி, சில இடங்களில் வெறும் வாசற்படி. தாண்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது, எவ்வளவு உயரத் தாண்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வேறு சில இடங்களில் அது ஏணி. ஒவ்வொரு படிக்கும் மதிப்பு உண்டு. நமக்கு வேண்டிய இடத்தில் அது வாசற்படியா ஏணியா என்று தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, அந்த எண் எந்த மாதத்தில் பார்க்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எழுத்து கிரேடு வருகிறது. ஓ என்றால் 10 புள்ளி, ஏ பிளஸ் என்றால் 9, ஏ என்றால் 8, பி பிளஸ் என்றால் 7, பி என்றால் 6. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஓர் எடையும் உண்டு. புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் ஜிபிஏ கிடைக்கும். எல்லா செமஸ்டர்களையும் சேர்த்து இதே கணக்கைப் போட்டால் சிஜிபிஏ.

எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 4 கிரெடிட் கணிதப் பாடத்தில் பி, 2 கிரெடிட் ஆய்வகத்தில் ஓ வாங்கியிருக்கிறீர்கள். 6-க்கும் 10-க்கும் சராசரி 8 என்று தோன்றும். உண்மையில் 24-ஐயும் 20-ஐயும் கூட்டி 6-ஆல் வகுக்க வேண்டும், 7.33-தான் வரும். "லேப்ல எல்லாம் ஓ வாங்கியும் ஏன் ஏறவில்லை" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இங்கே இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை.

1. தேர்ச்சி பெறாத பாடம் இந்தக் கணக்கிலேயே வராது. நான்கு அரியர் வைத்திருப்பவரின் சிஜிபிஏகூட 7.5 என்று காட்டலாம், ஏனென்றால் பாஸ் ஆன பாடங்களை மட்டும் வைத்துத்தான் அது போடப்படுகிறது. நிறுவனங்கள் சிஜிபிஏவைக் கேட்ட கையோடு அரியர் எண்ணிக்கையைத் தனியாகக் கேட்பது இதனால்தான்.

2. சதவீதமாக மாற்றும் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏவை 10-ஆல் பெருக்கினால் போதும், 6.0 என்பது 60 சதவீதம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ வெளியிட்டுள்ள பொது அட்டவணையிலோ 60 சதவீதத்துக்கு 6.75 வேண்டும், 55 சதவீதத்துக்கு 6.25. விண்ணப்பப் படிவத்தில் சதவீதம் கேட்டால் உங்கள் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாகச் சொல்லும் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பத்தாம் வகுப்புக்கு சிபிஎஸ்இ முன்பு வைத்திருந்த 9.5 பெருக்கலைக் கல்லூரி மார்க்குக்குப் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது தவறு.

கட்ஆஃப் எதற்காக

கட்ஆஃப், அதாவது நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச மார்க், ஒருவரின் திறமைக்குத் தரப்படும் தீர்ப்பு அல்ல. அது ஒரு சல்லடை. ஒரு கல்லூரியில் இறுதியாண்டில் 800 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். வருகிற நிறுவனத்துக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, இன்டர்வியூ எடுக்க வந்தவர்கள் பத்துப் பேர். 800 பேரையும் உட்கார வைத்துப் பேச முடியாது. யாரிடம் பேசுவது என்று முடிவு செய்ய, கேள்வி கேட்காமலே கையில் கிடைக்கும் ஒரே தகவல் மார்க். அதனால் 6, 6.5, 7 என்று ஒரு கோடு போடுகிறார்கள்.

அந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் குரூரமும் புரியும். பிளேஸ்மென்ட் செல் ஓர் எக்செல் பட்டியலை வடிகட்டி நிறுவனத்துக்கு அனுப்புகிறது. 5.9 வைத்திருப்பவரை யாரும் பார்த்து நிராகரிப்பதில்லை. அவர் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருப்பதில்லை. அவர் செய்த ப்ராஜெக்டும் அவருக்குத் தெரிந்த பைத்தானும் எவர் கண்ணிலும் படாமலே போகின்றன.

கோட்டைத் தாண்டியவருக்கு என்ன நடக்கிறது என்பதற்கு டிசிஎஸ் நல்ல உதாரணம். அவர்கள் ஆள் எடுக்க நடத்தும் என்க்யூடி தேர்வுக்கு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ இருந்தால் அது, பட்டப்படிப்பு என எல்லாவற்றிலும் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவரும் நிபந்தனை. தேர்வு எழுதும் நேரத்தில் ஓர் அரியர் வரை அனுமதி உண்டு. இதற்குள் வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பிறகு தேர்விலும் இன்டர்வியூவிலும் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என மூன்று நிலைகளில் ஆஃபர் வருகிறது. நிஞ்சாவுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. டிஜிட்டலுக்கு ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. பிரைம் அதற்கும் மேல். 6.1 உள்ளவர் டிஜிட்டலில் போவதும் 9.1 உள்ளவர் நிஞ்சாவில் போவதும் நடக்கிற காரியம்தான். வாசற்படி என்று சொன்னது இதைத்தான்.

இதில் ஒரு வலி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 57 சதவீதம் வாங்கியவர் கல்லூரியில் 8.5 எடுத்தாலும் "எல்லாவற்றிலும் 60" என்ற வரி அவரை வெளியே நிறுத்திவிடும். நான்கு வருட உழைப்பால் பழைய எண்ணை மாற்ற முடியாது. இந்த நிபந்தனை நியாயமானதல்ல என்பதே என் கருத்து. பதினேழு வயதில் வீட்டில் என்ன நடந்தது என்பதை 21 வயதில் வேலைக்கான அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆனால் அது இருக்கிறது. இருப்பதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டால் அந்த நிபந்தனை இல்லாத இடங்களை நோக்கித் தயாராக நேரம் கிடைக்கும்.

எங்கே வாசற்படி, எங்கே ஏணி

1. பெரிய ஐடி சர்வீஸ் நிறுவனங்கள்: மேலே பார்த்ததுதான். 60 சதவீதம் அல்லது 6 என்பது பொதுவாகப் புழங்கும் கோடு. 7-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாக் கதவும் திறந்துவிடும். அதற்கு மேல் ஆப்டிடியூட், கோடிங், ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசுவது ஆகியவைதான் பேசும்.

2. புராடக்ட் நிறுவனங்கள்: சொந்தமாக மென்பொருள் செய்து விற்பவை. இவற்றில் இரண்டு ஜாதி. கேம்பஸுக்கு வந்து 7.5 அல்லது 8 என்று கோடு போடுபவர்கள் ஒரு பக்கம். மார்க்கையே கேட்காமல் நேராக நிரல் எழுதச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். பின்னதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஸோஹோ. கல்லூரி மதிப்பெண்ணை ஒரு பொருட்டாக அவர்கள் எடுப்பதில்லை. பள்ளிப் படிப்பையும் டிப்ளமோவையும் முடித்தவர்களையே சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் ஸோஹோ ஸ்கூல்ஸ் என்ற அமைப்பையும் நீண்ட காலமாக நடத்திவருகிறார்கள். மார்க் கேட்கவில்லை என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். அங்கே சுற்றுச் சுற்றாக நிரல் எழுத வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். சீனியர் சொன்ன "ஸ்கில் இருந்தா போதும்" இந்த இடத்துக்கு முழுக்கப் பொருந்தும்.

3. கோர் நிறுவனங்கள்: மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் மாணவர்கள் எதிர்பார்க்கும் வாகன, கட்டுமான, மின்சாதன நிறுவனங்கள். இங்கே எடுக்கும் எண்ணிக்கை குறைவு, அதனால் கோடு உயரம். இன்டர்வியூவில் பாடத்திலிருந்தே கேள்வி வரும். தெர்மோடைனமிக்ஸில் பி வாங்கியவரிடம் தெர்மோடைனமிக்ஸைத்தான் கேட்பார்கள்.

4. பொதுத்துறையும் அரசும்: இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான தகவல் அதிகம் புழங்குவது இங்கேதான். கேட் (GATE) எனப்படும் பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வை எழுதக் குறைந்தபட்ச சிஜிபிஏ எதுவும் கிடையாது. ஆனால் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கோடு வைத்திருக்கும். மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசி போன்றவை பொதுப்பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 65 சதவீதம் கேட்பது வழக்கம். இஸ்ரோவின் விஞ்ஞானி, பொறியாளர் பணிக்கான அறிவிப்புகளில் 65 சதவீதம் அல்லது 10-க்கு 6.84 என்று இருக்கும். இரண்டில் எது தனக்குப் பொருந்தும் என்பதை அறிவிப்பை வரிவரியாக வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்டில் நல்ல ரேங்க் வாங்கிவிட்டுப் பட்டப்படிப்பில் 64 இருப்பதால் விண்ணப்பிக்கவே முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

   இதற்கு நேர்மாறாக, யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சியின் பொறியியல் பணித் தேர்வுகளுக்கும் பட்டம் இருந்தால் போதும். சதவீத வரம்பு இல்லை. 5.8 வைத்திருப்பவரும் உதவிப் பொறியாளர் ஆகலாம். கல்லூரிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

5. மேற்படிப்பும் ஆய்வு இன்டர்ன்ஷிப்பும்: இதுதான் அசல் ஏணி. ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெல்லோஷிப், இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப் ஆகியவற்றுக்கு மாணவர்களின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 8.2-ஐவிட 9.1 உண்மையிலேயே மேல். எழுத வேண்டிய குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதற்கு அடுத்தபடி.

   ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் பவேரியன் சூத்திரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். ஜெர்மன் முறையில் 1 என்பதுதான் முதல்தரம். தேர்ச்சிப் புள்ளி 5 என்று வைத்தால் 8.0 சிஜிபிஏ 2.2 ஆகிறது, 7.5 என்பது 2.5, 7.0 என்பது 2.8. பல முதுகலைப் படிப்புகள் 2.5-இல் கோடு போடுவதால் 7.4-க்கும் 7.6-க்கும் நடுவே ஒரு நாடே வித்தியாசப்படலாம்.

இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மார்க்?

வேலைக்கான கேம்பஸ் பெரும்பாலும் ஏழாவது செமஸ்டர் தொடக்கத்தில் வருகிறது. அப்போது கையில் இருப்பது ஆறு செமஸ்டர் மார்க். நல்ல சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்போ மூன்றாம் ஆண்டிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பார்ப்பது நான்கு அல்லது ஐந்து செமஸ்டர் மார்க்தான். அந்த இன்டர்ன்ஷிப்பில் நன்றாக வேலை செய்தவருக்கு அங்கேயே பிபிஓ, அதாவது முன்கூட்டிய வேலை ஆஃபர், வந்துவிடுகிறது. ஆகவே மிகச் சிறந்த வேலைகளில் ஒரு பகுதி கேம்பஸ் ஆரம்பிக்கும் முன்பே போய்விடுகிறது, முதல் இரண்டு வருட மார்க்கை வைத்து.

இதைக் கணக்காகப் பார்ப்போம். எல்லா செமஸ்டரிலும் சமமான கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது செமஸ்டர் முடிவில் 7.0 வேண்டும். இப்போது இருப்பது 6.2.

1. இரண்டு செமஸ்டர் முடிந்திருந்தால், மீதி நான்கிலும் சராசரியாக 7.4 எடுத்தால் போதும்.
2. நான்கு செமஸ்டர் முடிந்திருந்தால், மீதி இரண்டில் 8.6 எடுக்க வேண்டும்.
3. ஐந்து முடிந்திருந்தால் ஆறாவதில் 11 எடுக்க வேண்டும். பத்துக்கு மேல் புள்ளியே கிடையாது.

அதே 0.8 தூரம்தான். ஆனால் இரண்டாம் வருடத்தில் அது நடக்கக்கூடியது, மூன்றாம் வருடக் கடைசியில் முடியாதது.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐவி என்பது தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது. ஐபிடி எனப்படும் இன்-பிளான்ட் டிரெயினிங் ஒன்றிரண்டு வாரம் ஒரு நிறுவனத்தில் இருந்து பார்ப்பது. இரண்டுக்கும் யாரும் சிஜிபிஏ கேட்பதில்லை, அதனாலேயே வேலைக்கு எடுப்பவர்கள் இவற்றைப் பெரிதாக மதிப்பதும் இல்லை. இவை போக, மாணவரிடமே சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் "இன்டர்ன்ஷிப்" ஒன்று பரவியிருக்கிறது. ஆன்லைனில் சில வீடியோக்களைப் பார்த்தால் ஒரு பிடிஎஃப் வரும். அப்பா கூலி வேலை செய்து அனுப்பும் பணத்தை அதில் போடாதீர்கள். இன்டர்வியூவில் "அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே அது உடைந்துவிடும். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ ஒரு சின்ன பம்ப் தொழிற்சாலையில், மோட்டார் பட்டறையில் ஒரு மாதம் உண்மையாக வேலை பார்த்தவர் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார்.

முதல் வருடம் யாரை அடிக்கிறது

பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துவிட்டு, கவுன்சிலிங்கில் நல்ல கட்ஆஃபோடு சீட் வாங்கி, முதல் நாள் வகுப்பில் ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் பாடம் கேட்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கணிதம் தெரியாமல் இல்லை. கேள்வித்தாளின் மொழி பிடிபட ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு செமஸ்டர் முடிந்து, எட்டில் கால் பங்கு சிஜிபிஏ எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், இந்த எண் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வரும் என்று எச்சரிக்க ஆள் இல்லை. அண்ணனோ அக்காவோ ஐடியில் இருக்கும் வீட்டில் இது சாப்பாட்டு நேரப் பேச்சு. இன்னொரு வீட்டில் ஏழாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட் அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது.

2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைப் பொறியியல் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது பெரிய விஷயம்தான். ஆனால் கட்ஆஃப் என்ற சல்லடையைப் பற்றி முதல் செமஸ்டரிலேயே ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்வதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. ஒவ்வொரு கல்லூரியும் அதைச் செய்ய வேண்டும்.

அரியர்: இரண்டு வகை

"அரியர் இருக்கா?" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உண்டு. இன்னும் பாஸ் பண்ணாமல் நிற்பது ஸ்டாண்டிங் அரியர். எப்போதோ விழுந்து பிறகு எழுதி முடித்தது ஹிஸ்டரி ஆஃப் அரியர். பெரும்பாலான நிறுவனங்களுக்கு முதலாவதுதான் பிரச்சினை. சில கோர் நிறுவனங்கள் இரண்டாவதையும் பார்க்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷன் வகுப்புக்கும் சிஜிபிஏ 8.5 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் அரியர் விஷயம் முடிவதில்லை. அந்தக் கடிதத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் எல்லாப் பாடமும் தேர்ச்சி, கடைசி செமஸ்டர் வரை 60 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். ஆஃபர் வந்த மகிழ்ச்சியில் எட்டாவது செமஸ்டரைக் கவனிக்காமல் விட்டு, ஜாயினிங் தேதி வரும்போது ஒரு பாடம் நிற்பதால் வேலையை இழப்பவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு ஆயுள் எவ்வளவு

2013-இல் கூகுளின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ போக், ஊழியர் தேர்வுக்கு ஜிபிஏ பயனில்லாத அளவுகோல் என்று நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொன்னது இன்றுவரை பகிரப்படுகிறது. அதே பேட்டியில் அவர் ஒரு விலக்கும் சொன்னார்: கல்லூரியிலிருந்து புதிதாக வருபவர்கள் விஷயத்தில் மட்டும் மார்க்குக்கும் வேலைத்திறனுக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது என்று. பகிர்பவர்கள் அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். நடைமுறையும் அப்படித்தான். முதல் வேலைக்கு சிஜிபிஏ பேசும். இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு தனியார் துறையில் பெரும்பாலும் யாரும் அதைக் கேட்பதில்லை. பொதுத்துறை அறிவிப்பிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் மட்டும் பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள்.

மூன்றாம் ஆண்டில் 6-க்குக் கீழே இருந்தால்

1. முதலில் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எட்டக்கூடிய தூரம் என்றால் 4 கிரெடிட் பாடங்களைக் குறிவையுங்கள். எட்ட முடியாது என்றால், சிஜிபிஏ கவலையை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டாண்டிங் அரியரை முடிப்பதில் இறங்குங்கள்.

2. ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், அப்புறம் மறுமதிப்பீடு. கெடு சில நாட்கள்தான். நகலைப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

3. கேம்பஸ் பட்டியலில் பெயர் வராவிட்டால் ஆஃப் கேம்பஸ், அதாவது கல்லூரி வழியாக இல்லாமல் நேராக விண்ணப்பிப்பது. சிறிய மென்பொருள் நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும் நிரலைப் பார்க்கும், மார்க்கைப் பார்ப்பது குறைவு. நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஓடுகிற நிலையில் ஒரே ஒரு நல்ல ப்ராஜெக்ட் போதும்.

4. கோர் துறையில் இருக்க வேண்டும் என்றால் அப்ரென்டிஸ் வழி, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகும் வழி, உண்டு. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, நாட்ஸ் என்ற மத்திய அரசின் அப்ரென்டிஸ் தளத்தில் பதிவு செய்யலாம். பெரிய பொதுத்துறை நிறுவனங்களின் அப்ரென்டிஸ் இடங்களுக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் போடுவது வழக்கம். ஆகவே குறைந்த மார்க் உள்ளவர்கள் தனியார் நிறுவன இடங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

5. 5.96-ஐ 6.0 என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். நிறைய பேர் செய்கிறார்கள், சின்ன விஷயம் என்று நினைத்து. பெரிய நிறுவனங்கள் சேர்ந்தவரின் மார்க் ஷீட்டை வேறொரு நிறுவனம் வழியாகச் சரிபார்க்கின்றன, அது வேலையில் சேர்ந்து சில மாதங்கள் கழித்தும் நடக்கும். 5.96 இருந்ததால் கிடைக்காமல் போன வேலைக்குப் பதில் இன்னொன்று தேடலாம். பொய்த் தகவல் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினால் அடுத்த நிறுவனத்தின் படிவத்திலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.